சாப்பாடும் படுக்கையும் தருவார்கள், பதிலுக்கு வேலை: நம் கரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு எந்த வழி ஒத்துவரும்?

பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், ராமநாதபுரம் டவுன் என்று ஊர் மாறினாலும் கேள்வி ஒன்றாகவே வருகிறது. "வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, தினம் நாலைந்து மணி நேரம் வீட்டிலோ தோட்டத்திலோ கூடமாட வேலை செய்தால் சாப்பாடும் படுக்கையும் ஓசி என்கிறார்கள். ஒரு பையை மாட்டிக்கொண்டு அப்படியே நாலு நாடு பார்த்துவிட்டு வரலாமா? வொர்க்அவே நல்லதா, வூஃப் நல்லதா, ஆபேராகப் போவதா?"

வொர்க்அவே என்பது இப்படி வீட்டுக்காரர்களையும் பயணிகளையும் சேர்த்துவைக்கும் இணையதளம், வூஃப் இயற்கைப் பண்ணைகளுக்கான அதே மாதிரி ஏற்பாடு, ஆபேர் என்பவர் ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். போகலாம். ஆனால் அந்த ஆசையைக் கிளப்பும் வீடியோக்களை எடுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேர் ஐரோப்பிய பாஸ்போர்ட்காரர்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள பெண் ஸ்பெயினில் ஒரு பண்ணைக்குப் போய் ஆலிவ் பறிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே பண்ணை, அதே ஆலிவ், நம் பாஸ்போர்ட்டுக்குச் சட்டம் வேறு. அதனால் எந்தத் தளத்தில் கணக்கு தொடங்குவது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எந்த விசாவில் போகிறோம் என்பது முடிவானால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

## எதை வைத்து எடை போடுவது

விசா. "காசே வாங்கவில்லையே, அது எப்படி வேலையாகும்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பல நாடுகளின் குடியேற்றத் துறைக்குச் சாப்பாடும் படுக்கையும் கூலிதான். நியூசிலாந்து அதை வெளிப்படையாகவே சொல்கிறது: தங்க இடமும் சோறும் வாங்கிக்கொண்டு செய்வது வேலை, சுற்றுலா விசாவில் கூடாது. பிரிட்டனில் சுற்றுலா விசாக்காரர் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், அதுவும் 30 நாள் வரை, தன்னார்வ வேலை செய்யலாம். ஒரு குடும்பத்தின் தோட்டத்தில் களை பறிக்க முடியாது. தாய்லாந்தில் சம்பளம் இல்லாத வேலைக்கும் பெர்மிட் வேண்டும். 2025 தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் இளம்பெண் அமெரிக்காவில் குடும்பங்களோடு தங்கி, வீட்டு வேலையில் ஒத்தாசை செய்துகொண்டே ஊர் சுற்றினார். கனடா எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு, அமெரிக்கத் தடுப்புக் காவலில் ஏறக்குறைய மூன்று வாரம் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கே அந்தக் கதி.

நம் கரையில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கீழக்கரையிலும் தொண்டியிலும் சபுராளி, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர், இல்லாத தெரு அபூர்வம். விசிட் விசாவில் போய் வேலையில் நின்றால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு ஒருவருக்காவது தெரியும். துபாய்க்கும் மலேசியாவுக்கும் பொருந்துகிற அந்தப் பயம், ஐரோப்பா என்றதும் ஏன் காணாமல் போகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

முழுச் செலவு. ஓசி என்பது படுக்கைக்கும் சோற்றுக்கும் மட்டும். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் பயணம், குளிர் உடுப்பு எல்லாம் நம் கணக்கு. விசா மறுக்கப்பட்டால் கட்டிய கட்டணம் திரும்பி வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையின் எல்லை. எத்தனை மணி நேரம், எத்தனை நாள் லீவு, என்ன கேட்டால் மறுக்கலாம். எழுத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா?

வெளியேறும் வழி. அந்த வீடு சரியில்லை என்றால் அன்று ராத்திரி எங்கே படுப்பீர்கள்? பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் அம்மாக்கள் முதலில் கேட்பது இதைத்தான். அவர்கள் கேட்பது சரி.

திரும்பும்போது கையில் என்ன. மொழியா, பணமா, அனுபவமா, போட்டோவா? போட்டோவும் வேண்டியதுதான், அதற்கு இத்தனை சிரமம் தேவையா என்று மட்டும் யோசியுங்கள்.

## வழி 1: வொர்க்அவே, ஹெல்ப்எக்ஸ், வேர்ல்ட்பேக்கர்ஸ்

மூன்றும் ஒரே குணம். சந்தா கட்டி, உங்களைப் பற்றி ஓர் அறிமுகப் பக்கம் போட்டுக்கொள்கிறீர்கள், வீட்டுக்காரர்களின் விளம்பரங்களைப் பார்த்து எழுதுகிறீர்கள், ஒத்துப்போனால் கிளம்புகிறீர்கள். வொர்க்அவேயில் பொதுவான அளவு வாரம் 25 மணி நேரம்: ஐந்து நாள், நாளுக்கு ஐந்து மணி. வேலை எதுவாகவும் இருக்கலாம்: பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசுவது, சுவருக்குப் பெயின்ட், நாயை நடத்திக் கூட்டிப்போவது, ஹாஸ்டலில் படுக்கை விரிப்பது. உலகம் முழுக்க வீடுகள் இருக்கின்றன, இன்று எழுதினால் நாளை பதில் வரும். இந்தச் சுலபம்தான் இதன் பலம்.

பலவீனமும் அதுதான். தளம் இருவரையும் சேர்த்துவைப்பதோடு சரி. ஒப்பந்தம் கிடையாது, வேலையில் கை உடைந்தால் இன்சூரன்ஸ் கிடையாது, விசா உங்கள் பொறுப்பு என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

விளம்பரத்தை வாசிக்க ஒரு பழக்கம் வேண்டும். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "நாங்கள் ஒரு கலகலப்பான குடும்பம். கிராமத்தில் பெரிய வீடு, இரண்டு குதிரை, மூன்று பிள்ளைகள். காலையில் குதிரைகளுக்குத் தீனி, பிறகு கொஞ்சம் தோட்டம், சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஒத்தாசை. மற்ற நேரமெல்லாம் உங்களுடையது." கணக்குப் போடுங்கள். குதிரைக்குத் தீனி காலை ஆறு மணி. சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவ இரவு எட்டரை. நடுவில் நான்கு மணி நேரம் ஓய்வு உண்டுதான், ஆனால் அருகிலிருக்கும் பஸ் நிறுத்தம் ஏழு கிலோமீட்டர். அந்த "மற்ற நேரத்தில்" போக ஓர் இடமில்லை. நேரம் மொத்தமாகக் கிடைக்குமா, துண்டுதுண்டாகவா என்று கேட்டாலே பாதி விளம்பரங்கள் கழிந்துவிடும். மீதியில், கடைசியாகத் தங்கிப் போன இரண்டு பேருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். நட்சத்திர மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். சாப்பாடு போட்டவரைப் பற்றி யாரும் குறை எழுதுவதில்லை.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே தாராளமாகப் பாருங்கள். இது தானம் இல்லை, நீங்கள் உழைத்து வாங்குவது.

இனி மறைந்திருக்கும் செலவு. பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று தோராயமாக வைத்தால் ஒன்பதாயிரம், சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். டிக்கெட் சீசனைப் பொறுத்தது. இவையெல்லாம் கூடப் பரவாயில்லை, புரட்டிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விசாவுக்குப் போகும்போது எங்கே தங்குவீர்கள், எந்தப் பணத்தில் சாப்பிடுவீர்கள் என்று காட்டியாக வேண்டும். "ஒரு குடும்பம் தருகிறது" என்றால், முன்பின் தெரியாத குடும்பம் ஏன் தருகிறது என்ற கேள்வி வரும். உண்மையைச் சொன்னால் அது வேலை. சுற்றுலா விசா கிடைக்காது. மறைத்தால் பொய், பிடிபட்டால் அடுத்த விண்ணப்பங்களையும் அது துரத்தும். ஆக, முழுச் செலவையும் நீங்களே செய்வதுபோல பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டித்தான் விசா வாங்க முடியும். ஓசித் தங்கல் உங்கள் செலவைக் குறைக்கும், விசாவுக்குக் காட்ட வேண்டிய பணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. கையில் பணம் இல்லாததால்தான் இந்த வழியைத் தேடுகிறோம் என்பவர்களுக்கு இங்கேயே கதவு சாத்திவிடுகிறது.

எதிரே இருக்கும் இலங்கையைப் பற்றியும் கேட்கிறார்கள். தனுஷ்கோடியில் நின்றால் கையெட்டும் தூரம், பேசுவதும் தமிழ். ஆனால் அங்கும் சுற்றுலா அனுமதியில் வேலை கூடாது, சம்பளம் இல்லாத வேலையும் சேர்த்துத்தான். நம் ஊரும் ஒன்றும் சளைத்ததில்லை. ராமேஸ்வரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும். யார் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்பதை எல்லா அரசாங்கமும் கவனிக்கத்தான் செய்கிறது.

எப்போது இது நல்லது: நீங்கள் ஏற்கெனவே சட்டப்படி வேலை செய்ய அனுமதி உள்ள விசாவில் ஒரு நாட்டில் இருக்கும்போது. ஆஸ்திரேலிய ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவில் போனவர், இரண்டு வேலைகளுக்கு நடுவில் மூன்று வாரம் ஒரு குடும்பத்தோடு தங்குகிறார் என்றால் அருமையான ஏற்பாடு. அல்லது நேபாளத்தில், அதைக் கீழே சொல்கிறேன்.

## வழி 2: வூஃப்

1971-இல் சூ கோப்பர்ட் என்ற லண்டன் செயலாளர், வார இறுதியில் நகரத்தை விட்டு வெளியே போய் இயற்கைப் பண்ணையில் வேலை செய்யலாமே என்று தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பண்ணைகள் இருக்கின்றன. பணம் கைமாறாது. தினம் நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை, பதிலுக்குச் சாப்பாடும் தங்கலும். நாட்டுக்கு நாடு தனிச் சந்தா. நான்கு நாடு போகிறவருக்கு இது ஒரு சின்ன மறைமுகச் செலவு.

வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு என்று இழுத்துவிட மாட்டார்கள், பண்ணை வேலைதான். அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கும். உரக்குழி, விதைப்பாத்தி, ஆடு, தேனீ, பாலாடைக்கட்டி என்று உண்மையிலேயே கற்றுக்கொள்ள இருக்கிறது. முதுகுளத்தூர், கமுதி பக்கம் குண்டு மிளகாய் போடும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இத்தாலியிலோ ஜப்பானிலோ ஒரு பண்ணை தன் விளைச்சலுக்குப் பெயர் வைத்து, பொட்டலம் கட்டி, நேரே வாடிக்கையாளருக்கு அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்தால் அதற்கு விலை உண்டு. நம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை வைத்து விற்கும் வித்தைதான் இன்னும் பலரிடம் இல்லை. அப்படி ஒரு காரணம் இல்லாமல், களை பறிப்பதற்காக மட்டும் ஒரு லட்சம் செலவு செய்து போக வேண்டுமா? அப்பா ஊரிலேயே கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்.

விசா விஷயத்தில் முதல் வழிக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். ஆஸ்திரேலியா மட்டும் கொஞ்சம் இளக்கம்: சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலை செய்யலாம், ஆனால் பயணத்தின் முக்கிய நோக்கம் சுற்றுலாவாக இருக்க வேண்டும், சாப்பாடு தங்கல் தவிர எதுவும் வாங்கக் கூடாது, அந்த ஊர்க்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய வேலையாக அது இருக்கக் கூடாது. கடைசி நிபந்தனையில் பல பண்ணைகள் அடிபட்டுப்போகும்.

எப்போது இது நல்லது: விவசாயத்தில் உங்களுக்கு ஏதோ ஒரு குறிப்பான ஆர்வம் இருக்கிறது, வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இரண்டு மூன்று வாரம் போதும், பணம் பெரிய பிரச்சினை இல்லை.

## வழி 3: ஜெர்மனியில் ஆபேர்

குடும்பத்தோடு தங்குவது என்ற ஆசைக்கு நேராகப் பொருந்துவது இதுதான். இதற்கென்றே தனி விசா இருக்கிறது. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்களோ அதையே விண்ணப்பத்தில் எழுதலாம், எதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே இதை வைப்பேன்.

விதிகள் எழுத்தில் இருக்கின்றன. வயது 18 ஆகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. ஏ1 அளவு, அதாவது தொடக்க நிலை, ஜெர்மன் வேண்டும். வேலை நாளுக்கு 6 மணி, வாரம் 30 மணிக்கு மேல் கூடாது. வாரம் ஒன்றரை நாள் லீவு, ஆண்டுக்கு நான்கு வாரம் விடுமுறை. தனி அறை. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ. மொழி வகுப்புக்குக் குடும்பம் மாதம் 70 யூரோ கொடுக்க வேண்டும், மருத்துவ இன்சூரன்ஸும் அவர்கள் செலவு. ஆறு மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை இருக்கலாம். வேலை என்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் சின்னச்சின்ன வீட்டு வேலையும். தாத்தா பாட்டியைப் பராமரிக்கச் சொல்ல முடியாது, அவர்கள் கடையில் நிற்கச் சொல்லவும் முடியாது.

ஒரு நாள் எப்படிப் போகும்? ஆறரைக்கு எழுந்து, பிள்ளைகளுக்கு ரொட்டியும் வெள்ளரித் துண்டும் டப்பாவில் அடைத்து, டிசம்பர் என்றால் இருட்டிலேயே பனிக்கோட்டு மாட்டிவிட்டுப் பள்ளியில் விடுவது. ஒரு நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கையுறையையும் மாட்டி முடிப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடும். வீடு திரும்பி மெஷினில் துணி போட்டு, குப்பையைப் பிரித்து வைத்தால் பத்து மணியிலிருந்து மதியம் வரை உங்கள் நேரம். மொழி வகுப்பை அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். மதியத்துக்கு மேல் மறுபடி பிள்ளைகள். துண்டுதுண்டான நேரம்தான், ஆனால் எல்லை இருக்கிறது. குடும்பம் மீறினால் ஒப்பந்தத்தைக் காட்டிப் பேசலாம். ஒத்துவரவில்லை என்றால் வழக்கமாக இரண்டு வார நோட்டீஸ் கொடுத்து வேறு குடும்பம் தேடலாம். வெளியேறும் வழி என்று மேலே சொன்னேனே, ஐந்து வழிகளில் இதில்தான் அது காகிதத்தில் இருக்கிறது.

பையை மாட்டிக்கொண்டு நாடு சுற்றும் பேக்பேக்கிங் எங்கே என்று கேட்பீர்கள். ஜெர்மன் வசிப்பு அட்டை கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் போய் வரலாம். நான்கு வார விடுமுறை, அதோடு வாரக் கடைசிகள். ஜெர்மனிக்குள் உள்ளூர் ரயிலும் பஸ்ஸும் ஏறி இறங்கும் மாதச் சீட்டு 2026-இல் 63 யூரோ. 280-இல் அது போனால் கையில் 217. ஒரு மாதம் ப்ராக், அடுத்த மாதம் ஆம்ஸ்டர்டாம் என்று சிக்கனமாகப் பார்க்கப் போதும். ஊருக்கு அனுப்ப மிஞ்சாது. "வெளிநாடு போன பிள்ளை மாதம் எவ்வளவு அனுப்புகிறது?" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்: ஏ1 வகுப்பும் சென்னையில் போய் எழுதும் தேர்வும். விசா 75 யூரோ. போக வர டிக்கெட் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். அப்புறம் ஏஜென்ட். ஜெர்மன் ஏஜென்சி ஒன்று ஆபேரிடம் அதிகபட்சம் 150 யூரோதான் வாங்கலாம், அது அங்கே சட்டம். மதுரையிலோ சென்னையிலோ ஒருவர் லட்சக் கணக்கில் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். குடும்பத்தை நீங்களே தேடிப் பிடித்து, வீடியோ காலில் பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட முடியும்.

ஜெர்மனியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்திடம் போய்விடலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள். வீட்டில் ஜெர்மன் பேச வேண்டும் என்பது விதி. சொந்தக்காரர் வீட்டுக்குப் போக முடியாது. வீட்டார் ஜெர்மன் பேசினாலும் அவர்களும் நீங்களும் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றால் விசா கிடைக்காது. சோற்றுக்காக அப்படி நினைக்கிறீர்கள் என்றால் கவலை வேண்டாம். ஹலால் வேண்டும் என்பவர்கள் முதல் வீடியோ காலிலேயே பன்றிக்கறி தொடமாட்டேன், சமைக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். துருக்கிக் கடை இல்லாத ஊர் அங்கே குறைவு. வீட்டில் நாய் இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுக்கொள்ளுங்கள். சோறு? குக்கர் ஒன்று பையில் போகட்டும்.

ஆண்கள் போகலாமா? விதியில் தடை இல்லை. குடும்பங்கள் பெண்களையே அதிகம் தேடுகின்றன, அதனால் காத்திருப்பு கூடும். நீச்சல் தெரியும், கார் ஓட்டத் தெரியும் என்றால் எடை ஏறும். நம் கரைப் பிள்ளைகளுக்கு நீச்சல் ஒரு தகுதி என்றே தோன்றாது; உங்கள் அறிமுகப் பக்கத்தில் முதல் வரியாக எழுதுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஆர்டிஓ ஆபீசில் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும்.

எப்போது இது நல்லது: 27 ஆகவில்லை, பிள்ளைகளோடு பொறுமை இருக்கிறது, ஜெர்மன் கற்று அங்கேயே தொழிற்பயிற்சியோ படிப்போ தொடரும் எண்ணம் இருக்கிறது. பிள்ளைகளைப் பிடிக்காது, ஆனால் ஐரோப்பா பார்க்க இது ஒரு வழி என்று போகிறவர்களுக்கு இது நரகம். ஒருமுறைதான் கிடைக்கும், இரண்டாம் முறை ஆபேர் விசா தர மாட்டார்கள்.

## வழி 4: ஆஸ்திரேலியாவின் ஒர்க் அண்ட் ஹாலிடே (462) விசா

இது குடும்பத்தோடு தங்கும் ஏற்பாடு இல்லை. ஆனாலும் சேர்க்கிறேன், ஏனென்றால் "வேலை செய்துகொண்டே சுற்றுவது" என்பதைச் சட்டம் முழுதாக ஒத்துக்கொள்ளும் விசா இது. இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம். வயது 18 முதல் 30 வரை. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு ஆண்டாவது படித்திருக்க வேண்டும், ஓரளவு ஆங்கிலம், கையிருப்பாக 5,000 ஆஸ்திரேலிய டாலர்.

இடம் குலுக்கலில்தான். 2024 அக்டோபரில் முதல் குலுக்கல் திறந்தபோது முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பதிந்தார்கள். பதிவுக் கட்டணம் 25 டாலர், நம் காசுக்கு 1,500 ரூபாய் அளவில். போட்டுவிட்டு மறந்துவிடும் தொகைதான். ஆனால் இதை நம்பி வேலையை விடாதீர்கள். பெயர் விழுந்தால் விசாக் கட்டணம், டிக்கெட், கையிருப்பு எல்லாம் சேர்த்து நாலு லட்சம் ரூபாயாவது புரட்ட வேண்டும்.

போய்ச் சேர்ந்தால் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24 டாலருக்கு மேல். வாரம் 25 மணி நேரம் ஒரு குடும்பத்துக்கு ஓசியில் உழைப்பதற்கும், அதே 25 மணி நேரத்துக்கு 600 டாலர் வாங்கி வாடகை கட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு விசா வேண்டும் என்றால் குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வேலை மூன்று மாதம் செய்திருக்க வேண்டும். அதில் சம்பளமில்லா வேலை கணக்கில் வராது. சாப்பாடு போடுகிறேன், கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்று ஒரு பண்ணைக்காரர் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அந்த வேலைப் பட்டியலில் வட ஆஸ்திரேலியாவின் மீன்பிடியும் முத்து வளர்ப்பும் இருக்கின்றன. கடலில் நிற்கத் தெரிந்த பாம்பன் பையனுக்கு இது வாழைத்தார் சுமப்பதைவிட எவ்வளவோ மேல்.

மறைமுகச் செலவு ஒன்று: ஊர்ப்புறத்தில் கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது. இன்னொன்று, ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க முடியாது.

எப்போது இது நல்லது: டிப்ளமோவோ டிகிரியோ இருக்கிறது, முதலீடு புரட்ட முடியும், திரும்பும்போது கையில் காசு இருக்க வேண்டும்.

## வழி 5: நேபாளம், அதற்கும் முன்னால் உள்ளூர்

யாரும் இதைக் கேட்பதில்லை, நான்தான் நுழைக்கிறேன். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இந்தியர்களுக்கு நேபாளத்தில் விசா வேண்டாம், தங்கவும் தொழில் செய்யவும் தடையில்லை. வெள்ளைக்காரப் பேக்பேக்கர் அங்கே பயந்து பயந்து செய்யும் வேலையை நாம் நிம்மதியாகச் செய்யலாம். ராமேஸ்வரத்திலிருந்து பனாரஸுக்கு நேரடி ரயில் இருக்கிறது, அங்கிருந்து கோரக்பூர் வழியாகச் சோனௌலி எல்லை. விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ கொண்டுபோங்கள், ஆதாரை ஏற்க மாட்டார்கள். போக்ராவைச் சுற்றிப் பண்ணை வீடுகள், காத்மாண்டுவில் ஹாஸ்டல்கள், மலையில் விடுதிகள் எல்லாம் வொர்க்அவேயிலும் வூஃபிலும் இருக்கின்றன.

ஒரே ஒரு எச்சரிக்கை: காசு கட்டி அனாதை இல்லத்தில் தொண்டு செய்யச் சொல்லும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். பெற்றோர் உள்ள பிள்ளைகளையே மலைக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்து அனாதைகளாகக் காட்டிக் காசு பார்த்த மோசடிகள் அங்கே நடந்திருக்கின்றன.

அதற்கும் முன்னால் கொடைக்கானலிலோ இமாச்சலிலோ ஒரு ஹாஸ்டலில் ஒரு மாதம் இருந்து பாருங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது சும்மா சொன்னதில்லை. நான்காம் நாளிலிருந்து அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கும்போது ஒரு கூச்சம் வரும், அவர்கள் சண்டை போடும்போது எங்கே போய் நிற்பது என்று தெரியாது. அது உங்களுக்குத் தாங்குமா என்று இரண்டாயிரம் ரூபாய் ரயில் டிக்கெட்டில் தெரிந்துகொண்டுவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | வொர்க்அவே வகை | வூஃப் | ஜெர்மனி ஆபேர் | ஆஸ்திரேலியா 462 | நேபாளம் |
|---|---|---|---|---|---|
| விசாவும் வேலையும் | சுற்றுலா விசாவில் பெரும்பாலும் முரண் | பெரும்பாலும் முரண் | இதற்கென்றே விசா | வேலைக்கு அனுமதி | விசா வேண்டாம் |
| வயது | 18-க்கு மேல் | 18-க்கு மேல் | 18–26 | 18–30 | 18-க்கு மேல் |
| வாரத்துக்கு வேலை | 25 மணி, வாய்ப்பேச்சு | தினம் 4–6 மணி | 30 மணிக்குள், ஒப்பந்தம் | நீங்கள் தேடும் வேலை | 20–25 மணி, வாய்ப்பேச்சு |
| கைக்கு வரும் பணம் | இல்லை | இல்லை | மாதம் 280 யூரோ | முழுக் கூலி | இல்லை |
| தொடக்கச் செலவு | நடுத்தரம் | நடுத்தரம் | நடுத்தரம், மொழிக்கு நேரமும் | அதிகம் | மிகக் குறைவு |
| வீடு சரியில்லை என்றால் | சொந்தக் காசில் வெளியேற வேண்டும் | அதேதான் | நோட்டீஸ், வேறு குடும்பம் | வேறு வேலை | ரயிலேறி ஊர் திரும்பலாம் |

## கேட்டவர்களுக்கு

கீழக்கரையிலிருந்து எழுதிய பி.எஸ்சி. முடித்த 23 வயதுப் பெண்ணுக்கு: ஆபேர். வேறு யோசனையே வேண்டாம். வீட்டில் சம்மதம் வாங்க, அந்தக் குடும்பத்து அம்மாவையும் உங்கள் அம்மாவையும் வீடியோ காலில் ஒருமுறை சந்திக்கவையுங்கள். மொழி புரியாவிட்டால் என்ன, நீங்களே நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். ஏஜென்ட் பத்து முறை பேசிச் சாதிக்காததை அது சாதிக்கும்.

பாம்பனில் அப்பாவோடு விசைப்படகில் போகும் டிப்ளமோ முடித்த தம்பிக்கு: 462 குலுக்கலில் ஒவ்வோர் ஆண்டும் பெயரைப் போட்டு வாருங்கள். அது விழும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். படகு கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில் நேபாளம் போய் வரலாம். மண்டபம் பக்கம் கடல்பாசி வளர்த்த அனுபவமும் இருக்கிறது என்றீர்கள். மூங்கில் மிதவை கட்டி, கயிற்றில் விதைப்பாசி முடிந்து, 45 நாளில் அறுப்பதைப் படத்தோடு உங்கள் அறிமுகப் பக்கத்தில் போடுங்கள். ஹாஸ்டலில் படுக்கை விரிக்கப் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள், இதைத் தெரிந்தவர் அதிகம் இல்லை.

ராமநாதபுரம் டவுனிலிருந்து கேட்ட, முப்பத்தைந்தைத் தாண்டிய தம்பதிக்கு: ஆபேரும் 462-உம் வயதால் போய்விட்டன. ஐரோப்பாவுக்குச் சுற்றுலா விசாவில் சுற்றுலாவாகவே போங்கள், வேலை பேச வேண்டாம். குடும்பங்களோடு தங்கிப் பார்க்கும் ஆசையை நேபாளத்தில் தீர்த்துக்கொள்ளலாம். தம்பதிக்குத் தனி அறை தரும் வீடுகளாகத் தேடுங்கள், விளம்பரத்தில் "பகிர்ந்த அறை" என்று இருந்தால் எழுதவே வேண்டாம்.

பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள் இந்த வாரமே மதுரை அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது ஆபேர் வேண்டும் என்கிற ஜெர்மன் குடும்பங்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே தேட ஆரம்பித்துவிடுகின்றன. ஏ1 வகுப்பை அதற்கும் முன்னால் தொடங்கியிருக்க வேண்டும்.